"சுடவே இல்லை" என்றார் அப்பா – சர்க்கரையும் காலும்

#1 – செல்லூர்_மகன்

எல்லோருக்கும் வணக்கம். இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் வீட்டிலாவது இது நடக்காமல் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 64 வயது. தறி ஓட்டியவர். சர்க்கரை வந்து 13 வருடம் ஆகிறது, மாத்திரை போடுகிறார். சித்திரைத் திருவிழாத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் தேர் கூடவே வெறுங்காலோடு நடப்பது அவருக்கு இளவயதிலிருந்தே வழக்கம். இந்த வருடமும் விடியற்காலையில் போனார், உச்சி வெயிலில் திரும்பினார். வாசலில் கால் கழுவும்போது தண்ணீரோடு தோலும் உரிந்து வந்ததை அம்மாதான் பார்த்தார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் உடைந்து செக்கச்செவேல் என்று இருந்தது. "தார் ரோடு சுடலையா?" என்று அம்மா பதறினார். "சுடவே இல்லையே, பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சு" என்றார் அப்பா. மீனாட்சி காப்பாற்றினாள் என்று வீட்டில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம்.

வலி இல்லாததால் மஞ்சள் பத்துப் போட்டுவிட்டு விட்டுவிட்டோம். அழகர் ஆற்றில் இறங்கியபோதும் அதே காலோடு வைகைக்குள் இறங்கினார். 9ஆம் நாள் குளிர்காய்ச்சல், கால் வீக்கம், அறை முழுக்க நாற்றம். முதலில் காட்டிய இடத்தில் காலைக் குனிந்துகூடப் பார்க்காமல் ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை 412. பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இப்போது வீட்டில் இருக்கிறார். 13 வருடமாக மாதாமாதம் சர்க்கரை பார்த்தோம், மாத்திரை வாங்கினோம். காலில் உணர்ச்சி போய்க்கொண்டிருப்பது எங்கள் யாருக்கும் எப்படித் தெரியாமல் போனது? இன்னொரு காலை எப்படிக் காப்பாற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 – மேலூர்_செவிலி

தம்பி, அப்பாவுக்குத் துணையாக இருங்கள். நான் 17 வருடமாக அரசு செவிலியராக இருக்கிறேன். உங்கள் வீட்டில் நடந்ததை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். பங்குனி, சித்திரையில் பூக்குழி, பால்குடம், தேர். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை. அதெல்லாம் முடிந்த இரண்டாவது வாரத்தில் கட்டுப்போட வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் சொல்வது உங்கள் அப்பா சொன்னதுதான்: "தெரியலையே."

ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடுதலாக நின்றால் நரம்புகளுக்கும், அந்த நரம்புகளுக்குத் தீனி கொண்டுபோகும் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கும் சேதம். உடம்பிலேயே நீளமான நரம்பு முதுகிலிருந்து கால் விரல் நுனி வரை போவது. அதனால் சேதம் முதலில் தெரிவது விரல் நுனியில். அங்கிருந்து காலுறை போட்டதுபோல மெல்ல மேலே ஏறும். சிலருக்கு ராத்திரியில் எரிச்சல், ஊசி குத்தல், மதமதப்பு இருக்கும். அவர்கள் ஒருவகையில் தப்பித்தார்கள், எரிச்சல் தாங்காமல் வந்து காட்டிவிடுவார்கள். இன்னும் சிலருக்கு ஒரு அறிகுறியும் கிடையாது. வலி குறைந்துகொண்டே போய் ஒருநாள் இல்லாமலே போய்விடும். நம் ஊரில் "காலில் ஒரு தொந்தரவும் இல்லை" என்று பெருமையாகச் சொல்பவரைத்தான் நான் முதலில் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றச் சொல்வேன்.

அதே நரம்புச் சேதத்தால் காலில் வியர்வையும் குறையும். வியர்க்காத பாதம் காய்ந்து, குதிகாலில் பித்தவெடிப்பு விழும். அந்த வெடிப்புதான் கிருமிக்கு வாசல். உள்ளே போன கிருமியை எதிர்க்க ரத்த ஓட்டம் வேண்டும், அதுவும் குறைந்திருக்கும். சர்க்கரை கூடியிருந்தால் வெள்ளையணுக்களும் சரியாக வேலை செய்யாது. இப்படி எல்லாம் ஒன்றாகச் சேர்வதால்தான் ஒரு கொப்புளம் 9 நாளில் விரலைக் கொண்டுபோகிறது.

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க 10 கிராம் நைலான் இழைப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும், அதை உள்ளங்காலில் வளையும் வரை அழுத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், ஐந்து நிமிடம் ஆகாது.

வீட்டிலேயே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவமனையில் உருவாக்கியது. பெரியவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் ஆட்காட்டி விரலால் ஒரு விநாடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது. தொட்டதும் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது, மருத்துவரிடம் போக வேண்டும். இன்று ராத்திரியே உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்து பாருங்கள். இதைப் படிக்கிற எல்லோரையும்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேட்கக் கஷ்டமாக இருக்கும். தரையில் படுத்துத் தூங்கும் பெரியவர்களின் மரத்துப்போன விரலை எலி கடித்துவிட்டுப் போயிருக்கும். காலையில் பாயில் ரத்தம் பார்த்துத்தான் தெரியும். ஒன்றுக்கு மேற்பட்டவருக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். கட்டிலில் படுக்கவையுங்கள், கொசுவலை கட்டி ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள்.

#3 – செல்லூர்_மகன்

அக்கா, நீங்கள் சொன்ன தொடு சோதனையை இப்போதுதான் செய்தேன். இடது காலில் மூன்று விரலும் தெரியவில்லை என்கிறார். அம்மா அழுகிறார். இத்தனை நாள் வெந்நீரில் காலை ஊறவைத்துக்கொண்டிருந்தார், இதமாக இருக்கிறது என்று.

#4 – மேலூர்_செவிலி

வெந்நீரை இன்றோடு நிறுத்துங்கள். சூடு அவருக்குத் தெரியாது, தண்ணீர் கொதித்தாலும் தெரியாது. கழுவ வேண்டுமானால் சாதாரணத் தண்ணீர் போதும். ஊறப்போடாமல் கழுவித் துடைக்க வேண்டும், விரல் இடுக்கில் ஈரம் நிற்கக்கூடாது. தேங்காய் எண்ணெயைப் பாதத்திலும் குதிகாலிலும் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே பூஞ்சை பிடிக்கும். கால் ஆணியை பிளேடால் சீவுவது, கடையில் விற்கும் ஆணிப் பட்டை ஒட்டுவது இரண்டுமே கூடாது.

தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார்ப்பது அம்மாவின் வேலையாக இருக்கட்டும். தனியாக இருப்பவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து அதற்கு மேல் காலைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். சிவப்பு, வீக்கம், நிறமாற்றம், ஒரு பக்கம் மட்டும் சூடு, எது தெரிந்தாலும் மறுநாளே காட்ட வேண்டும். வலது கால் புண் ஆறும் வரை அந்தக் காலில் எடை போடவே கூடாது. கட்டைத் தினமும் மாற்றினால் மட்டும் புண் ஆறாது. வலி இல்லாததால் அவர் எழுந்து நடப்பார், நடந்தால் ஆறிய அளவும் மறுபடி திறக்கும். அவரைக் கோபித்தாவது உட்காரவையுங்கள்.

#5 – திருமங்கலம்_தோல்கடை

நான் செருப்புத் தைக்கிறவன், 22 வருடத் தொழில். அக்கா சொன்னதோடு என் பங்குக்குச் சொல்கிறேன்.

சர்க்கரைக் காலுக்கு எம்.சி.ஆர். ரப்பர் வைத்த செருப்பு என்று கேளுங்கள். உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் கெட்டியான ரப்பர். கட்டைவிரலால் அழுத்தினால் மேல் ரப்பர் அமுங்கி உடனே எழும்ப வேண்டும். அடி ரப்பர் முள்ளோ ஆணியோ ஏறவிடாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். ஒட்டியும் தைத்தும்தான் செய்ய வேண்டும், ஆணி அடிக்கவே கூடாது. சாதாரணச் செருப்பில் தேய்ந்து வெளியே வந்த ஆணியோடு மூன்று நாள் நடந்து வந்தவரை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். கழற்றினால் உள்ளே ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

விரலிடுக்கு வார் வைத்த செருப்பு வேண்டாம், அந்த வார் இடுக்கை அறுக்கும். மேலே அகலமான பட்டை, பின்னால் குதிகாலுக்கு ஒரு வார். உணர்ச்சி இல்லாத காலிலிருந்து செருப்பு நழுவி விழுந்தால்கூடத் தெரியாமல் நடந்துபோய்விடுவார்கள், அதனால் பின்வார் கட்டாயம். விரல் எடுத்த காலுக்கு அந்த இடத்தில் மெத்தை வைத்துத் தைக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து விரல் சாய்ந்து அங்கே புண் வரும். புண் முழுக்க மூடிய பிறகு டாக்டர் சரி என்றதும் வாருங்கள்.

காலில் மாட்டுவதற்கு முன்னால் செருப்பையோ ஷூவையோ கவிழ்த்துத் தட்டுங்கள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கல், முள், பேரப்பிள்ளை போட்ட புளியங்கொட்டை எல்லாம் இருக்கும்.

#6 – வாடிப்பட்டி_வயல்

அண்ணே, நான் விவசாயி. வயலில் எங்கே செருப்புப் போடுவது? சேற்றில் புதைந்துவிடும். எனக்கு நாலு மாதத்துக்கு முன்னால்தான் சர்க்கரை என்று சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு மாதம் போட்டேன். அப்புறம் சொந்தக்காரர் ஒருவர் சிறுகுறிஞ்சான் பொடியும் ஆவாரம்பூக் கஷாயமும் போதும், மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்றார். இப்போது அதைத்தான் குடிக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் இந்த இழையைப் படித்த பிறகு பயமாக இருக்கிறது. நேற்று என் மகள் தொடு சோதனை செய்தாள், ஆறும் தெரிந்தது.

#7 – சிம்மக்கல்_லேப்

ஆறும் தெரிந்தது நல்ல செய்தி ஐயா. நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வைத்தியம் சொல்ல நான் டாக்டர் இல்லை, எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பதை வைத்துச் சர்க்கரையை அளக்க முடியாது. 200, 250 வரைக்கும் பலருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, பழகிவிடும். எச்பிஏ1சி என்ற பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அந்த நாள் பூராவும் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியதோ அதற்குத் தகுந்த மாதிரி சிவப்பணுவின் நிறமியில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும், ஒட்டியது கழலாது. அதனால் அது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கணக்கு. 5.7க்குக் கீழே என்றால் சரி, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் முன்நிலை, 6.5ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். வைத்தியத்தில் இருக்கும் பெரும்பாலோருக்கு 7க்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள். வயதானவர்களுக்கும் அடிக்கடி சர்க்கரை இறங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் தளர்த்துவார்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னதாக இரவு ஒரு சப்பாத்தியோடு நிறுத்திக்கொண்டு வருவார்கள். வெறும் வயிற்றில் 118 என்று வரும், சந்தோஷமாகப் போவார்கள். அதே ரத்தத்தில் எச்பிஏ1சி 9.2 இருக்கும். செல்லூர் தம்பியின் அப்பாவுக்கும் மாதாமாதம் பார்த்தது வெறும் வயிற்று ரத்தம் மட்டும்தானா என்று கேட்டுப் பாருங்கள்.

ஐயா, உங்கள் கஷாயம் வேலை செய்கிறதா இல்லையா என்பதை மாத்திரை நிறுத்திய இந்த இரண்டு மாதக் கணக்கே சொல்லும். ரத்தசோகை இருந்தால் மட்டும் இந்த எண் ஏமாற்றலாம், அதனால் ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டில் மெஷினில் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். இப்போது மாம்பழக் காலம். நத்தம் பக்கத்து மாம்பழத்தை உரித்த கையைத் துணியில் துடைத்துவிட்டுக் குத்தினால் 300 காட்டும், பழச் சாறு விரலில் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு குத்துங்கள்.

#8 – மேலூர்_செவிலி

வாடிப்பட்டி ஐயாவுக்கு: கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான். மாத்திரை போட்ட பிறகு கிட்னி போனவர்களைப் பார்த்து ஊர் மாத்திரையைக் குற்றம் சொல்கிறது. அவர்களுக்குச் சர்க்கரை எத்தனை வருடம் கவனிக்காமல் கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையால் சிலருக்கு வயிற்றுப் பொருமல், பேதி வரும், சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் குறையும். பல வருடம் போட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அதற்கு ரத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். பி12 குறைந்தாலும் கால் மரக்கும் என்பதால் அதைப் பார்ப்பது முக்கியம். கிட்னி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள், நிறுத்துவார்கள், அதற்குத்தான் வருடம் ஒரு முறை சிறுநீரில் ஆல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்வது.

மூலிகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்டரிடம் இன்னது குடிக்கிறேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். ஆரம்பக் கட்டத்தில் உடல் எடையை நன்றாகக் குறைத்த சிலருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை அடங்கியிருக்கிறது, உண்மைதான். அதையும் டாக்டர் பார்வையில், எண்களை வைத்துத்தான் செய்ய வேண்டும். மாத்திரை வாங்கப் போக்குவரத்துக் கஷ்டம் என்றால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

வயலுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் காலைக் காற்றாட விடுங்கள்.

#9 – அனுப்பானடி_அக்கா

மாத்திரை பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள், சோற்றைப் பற்றி நான் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு 8 வருடமாகச் சர்க்கரை. முதலில் எல்லோரும் சொன்ன மாதிரி அரிசியை நிறுத்திக் கேழ்வரகுக் கூழும் கம்மங்கூழும் கொடுத்தேன். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு. சர்க்கரை கூடியதே தவிரக் குறையவில்லை. சிறுதானியம் நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுச்சத்து. கரைத்துக் குடித்தால் வேகமாக உள்ளே போகும், அளவும் தெரியாது. களியாக, அடையாக, ஒரு கை அளவு என்றால் தாங்கும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றையும் நம்பி ஒரு வருடம் வீணாக்கினேன், எல்லாம் ரத்தத்தில் சர்க்கரைதான்.

இப்போது தட்டில் பாதி காய் அல்லது கீரை. கால் பாகம் சுண்டலோ முட்டையோ மீனோ. கால் பாகம் சோறு. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிடச் சொல்வேன், சோறு கடைசியில். அதே அளவு சோறு, அதே குழம்பு, சாப்பிடும் வரிசையை மட்டும் மாற்றிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் கழித்து 238 வந்த இடத்தில் 181 வந்தது. மெஷின் வாங்கிக் கொடுத்த மகனுக்கு நன்றி சொன்னேன், கண்ணால் பார்த்த பிறகுதான் அவரும் நம்பினார்.

இன்னொன்று டீ. கடையில் ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி. ஒரு சின்னக் கரண்டி 4 கிராம் என்றாலும் 48 கிராம் சர்க்கரை, சாப்பாட்டுக்கு வெளியே. அதை நிறுத்த ஆறு மாதம் ஆனது, இப்போது சர்க்கரை போட்ட டீயைக் கொடுத்தால் அவருக்கே தித்திப்பு பிடிக்கவில்லை. திருவிழாப் பந்தலில் கொடுக்கும் பானகத்தை மட்டும் சாமி பிரசாதம் என்று ஒரு வாய் வாங்கிக்கொள்வார், மோர்ப் பந்தலில் வயிறு நிறையக் குடிப்பார்.

#10 – மாட்டுத்தாவணி_மாஸ்டர்

அக்கா சொல்வது வீட்டில் சாப்பிடுகிறவர்களுக்கு. நான் பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் 5க்கு நின்றால் ராத்திரி 1 மணி. எனக்கு கிளிமிபிரைடு கலந்த மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொன்னார்கள். 8 மணிக்குப் போட்டுவிட்டு, கூட்டம் வந்துவிட்டால் சாப்பிட 11 ஆகிவிடும். போன மாதம் கல்லுக்கு முன்னால் நின்றபோது கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிவிட்டது. அடுப்புச் சூடு என்று நினைத்தார்கள். பக்கத்தில் கொதிக்கும் எண்ணெய். யாரோ முகத்தில் தண்ணீர் அடித்து உட்காரவைத்தார்கள். இந்த வேலையை விட முடியாது, என்ன செய்யட்டும்?

#11 – மேலூர்_செவிலி

தம்பி, அது அடுப்புச் சூடு இல்லை, சர்க்கரை இறங்கிவிட்டது. கிளிமிபிரைடு உள்ள மாத்திரை கணையத்திலிருந்து இன்சுலினைப் பிழிந்து விடும், சாப்பாடு வருகிறதா என்று பார்க்காது. அதைப் போட்டால் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. உங்கள் வேலை நேரத்தை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். நேரத்தை மாற்றுவார், அல்லது இந்தத் தொந்தரவு குறைவான வேறு மாத்திரை தருவார். அதுவரை 11 மணிக்குத்தான் சாப்பாடு என்றால் மாத்திரையும் அப்போதுதானா என்று போனிலாவது கேட்டுவிடுங்கள்.

70க்குக் கீழே போனால் தாழ்வு. நடுக்கம், வேர்வை, படபடப்பு, பசி, பேச்சுக் குழறல். உடனே மூன்று சின்னக் கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. ஏறியதும் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும், 108ஐக் கூப்பிட வேண்டும். உங்கள் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். கடையில் கூட வேலை பார்க்கிற இரண்டு பேருக்காவது இதைச் சொல்லிவையுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

#12 – செல்லூர்_மகன்

அப்பாவுக்கு இப்போது காலை மாலை இன்சுலின் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறோம், ஒவ்வொரு வேளையும் கதவைத் தட்ட அம்மா சங்கடப்படுகிறார்.

#13 – உசிலம்பட்டி_அம்மா

தம்பி, என் மகளுக்கு 9 வயது. முதல் வகைச் சர்க்கரை. 6 வயதில் வந்தது. ஓயாத தாகம், மறுபடியும் படுக்கையில் சிறுநீர், ஒரே மாதத்தில் 4 கிலோ குறைந்துவிட்டாள். பூச்சித் தொல்லை என்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவள் உடம்பில் இன்சுலின் சுத்தமாக ஊறவில்லை. சோற்றைக் குறைத்தோ கஷாயம் கொடுத்தோ சரியாகும் வகை இல்லை இது, ஊசியை நிறுத்தினால் பிள்ளை இல்லை. ஊரில் யார் என்ன சொன்னாலும் இதில் மட்டும் நான் காது கொடுப்பதில்லை.

எங்கள் வீட்டிலும் ஃபிரிட்ஜ் மூன்று மாதம் முன்புதான் வந்தது. அதுவரை பானைதான். பெரிய மண்பானையில் பாதி மணல் போட்டு ஈரமாக்கி, அதற்குள் சின்னப் பானை. இன்சுலின் பாட்டிலை நனையாத மாதிரி மூடியுள்ள டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, மேலே ஈரத்துணி. நிழலில், காற்று படும் இடத்தில் வைக்க வேண்டும், தினம் இரண்டு தடவை மணலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். திறந்து பயன்படுத்தும் பாட்டில் அதில் தாங்கும், பொதுவாக நான்கு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். திறக்காத பாட்டில்களை மட்டும் பக்கத்து வீட்டில் வையுங்கள், அதுவும் ஃபிரிட்ஜ் கதவுப் பக்கம். ஐஸ் பெட்டியில் ஒருபோதும் கூடாது, ஒருமுறை உறைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

இதைவிட முக்கியம் சிரிஞ்சு. நம்மிடம் பாட்டில் இரண்டு அளவில் வருகிறது, ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. ஒருநாள் மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். 40 பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி. 20 கோடு வரை இழுத்தேன், உள்ளே போனது 8 யூனிட்தான். இரண்டு நாள் சர்க்கரை 400க்கு மேலே, ஏன் என்றே புரியவில்லை. நல்லவேளை அந்தப் பக்கமாகத் தவறியது. 100 பாட்டிலைச் சிவப்பு மூடியில் இழுத்திருந்தால் 20க்குப் பதில் 50 யூனிட் போயிருக்கும். பாட்டிலில் எழுதியிருப்பதையும் மூடி நிறத்தையும் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுப் படித்துவிட்டு ஊசி போடச் சொல்லுங்கள்.

என் மகளிடம் ஒரு கதை சொல்வேன். 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில் 14 வயதுப் பையன் ஒருவன் சாகும் நிலையில் கிடந்தான். முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட ஆள் அவன்தான், அதற்கு அப்புறம் 13 வருடம் உயிரோடு இருந்தான். அதற்கு முந்தைய வருடம் அந்த மருந்துக்கான ஆராய்ச்சியைத் தொடங்கிய பேண்டிங்கின் பிறந்தநாள் நவம்பர் 14, பள்ளியில் குழந்தைகள் தினம் கொண்டாடும் அதே நாள். "எனக்கும் சேர்த்துத்தான் மிட்டாய் இல்லாத நாளாம்மா?" என்று கேட்டாள். இல்லை, உனக்காக மருந்து கண்டுபிடித்தவர் பிறந்த நாள் என்றேன். அன்றைக்கு ஊசிக்குக் கையை அவளே நீட்டினாள்.

#14 – தெப்பக்குளம்_வாத்தியார்

ஓய்வு பெற்ற ஆசிரியர். 26 வருடச் சர்க்கரை. தினமும் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறேன். கால், சோறு, ஊசி எல்லாம் பேசிவிட்டீர்கள், கண்ணை விட்டுவிட்டீர்கள்.

சர்க்கரை விழித்திரையின் ரத்தக் குழாய்களைப் பாதிப்பதும் காலைப் போலத்தான். வலிக்காது, பார்வையும் கடைசிக் கட்டம் வரை தெளிவாக இருக்கும். 12 வருடம் முன்பு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், எழுத்து நன்றாகத் தெரிந்தது. மகள் வற்புறுத்தி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் கசிவு இருக்கிறது, லேசர் வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தேன். இன்றுவரை படிக்கிறேன். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி நம் ஊரில் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு கண் சரியாக இருக்கிறது என்று இருக்காதீர்கள். அது வேறு, விழித்திரை வேறு. வருடம் ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டும்.

#15 – அழகர்_பக்தன்

எல்லாம் சரி. ஆனால் ஒன்று மனசை உறுத்துகிறது. செருப்புப் போட்டுக்கொண்டு தேர் கூடப் போகச் சொல்கிறீர்களா? என் தாத்தா காலத்திலிருந்து வெறுங்காலோடுதான் அழகர் கோயிலுக்கு நடக்கிறோம். எனக்கும் மூன்று வருடமாகச் சர்க்கரை. நேர்த்திக்கடனை எப்படி மாற்றுவது?

#16 – அனுப்பானடி_அக்கா

தம்பி, நானும் கும்பிடுகிறவள்தான். முதலில் தொடு சோதனை செய்யுங்கள். உணர்ச்சி நன்றாக இருந்தால் சுட்டால் உங்களுக்கே தெரியும். விடியலுக்கு முன்பு நடந்து, வெயில் ஏறுமுன் மண்டபத்தில் தங்கிவிடுங்கள், ஒவ்வொரு மண்டபத்திலும் உள்ளங்காலைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் வெளிவீதியில் செருப்போடு போய், சாமி முன்னால் நிற்கும் நேரம் மட்டும் கழற்றுங்கள். கோயிலுக்குள் நார் விரிப்பு போட்டிருக்கும் பாதையில் மட்டும், காலையிலோ மாலையிலோ நடங்கள். சாக்ஸ் மட்டும் போட்டுத் தார் ரோட்டில் நடப்பது பாதுகாப்பு இல்லை, சூடு இறங்கிவிடும். என் மாமியார் நடக்க முடியாமல் போனபோது அந்தக் கடனை நீர்மோர்ப் பந்தலாக மாற்றினார். 11 வருடம் ஊற்றினார். அழகர் அதையும் ஏற்றுக்கொண்டார் என்றுதான் நான் நம்புகிறேன்.

#17 – செல்லூர்_மகன்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். புண் மூடிவிட்டது. அப்பாவை உட்காரவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது, அவருடைய பழைய தறிக் கூட்டாளிகள் தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசியதால் முடிந்தது. எச்பிஏ1சி 10.4 இருந்தது, இப்போது 8.1. கண்ணிலும் ஆரம்பக் கசிவு இருக்கிறது, வாத்தியார் ஐயா சொல்லாமல் இருந்திருந்தால் போயிருக்கவே மாட்டோம். பானை வேலை செய்கிறது உசிலம்பட்டி அக்கா. தினம் ராத்திரி 9 மணிக்கு அம்மா டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கிறார். 15 நாள் முன்னால் இடது சுண்டுவிரலில் ஒரு சிவப்புப் புள்ளியைக் கண்டுபிடித்தார், மறுநாளே காட்டினோம், மூன்று நாளில் சரியாகிவிட்டது.

தேரைப் பற்றி அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் மாமியார் கதையை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

டாக்டர் செருப்புக்குச் சரி சொல்லிவிட்டார். திருமங்கலம் அண்ணே, காகிதத்தில் காலை வைத்து வரைந்து வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலையில் வந்தால் கடை திறந்திருக்குமா?

#18 – திருமங்கலம்_தோல்கடை

திறந்திருக்கும் தம்பி, ஆனால் காலையில் வேண்டாம். சாயங்காலம் 5 மணிக்கு மேல் அப்பாவையே கூட்டிக்கொண்டு வாருங்கள். நாள் முழுக்க இருந்த பிறகு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது எடுக்கிற அளவுதான் கடிக்காது.